எழுதி வச்ச ஏழு மாசம், எழுதாம விட்ட அஞ்சு மாசம்: சிங்கப்பூர்ல சம்பள பாக்கிக்கு கேஸ் போட்ட அனுபவம்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தது. போன வாரம் எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் சிங்கப்பூர் வேலைக்கான டெஸ்ட் அடிச்சு முடிச்சு வேலை பெர்மிட் வந்துருச்சுன்னு ஸ்வீட் கொண்டாந்து குடுத்தான், அவன் மொகத்துல இருந்த சந்தோஷத்தப் பாத்ததும் 2022-ல நான் இப்படித்தான பல்ல இளிச்சுக்கிட்டு தெருத்தெருவா ஸ்வீட் குடுத்தேன்னு ஞாபகம் வந்து ராத்திரி தூக்கம் வரல. சரி இன்னைக்கு உக்காந்து எழுதிருவோம்னு எழுதுறேன். நீளமாத்தான் இருக்கும், வெளிநாட்டுக்குப் போற பிளான்ல இருக்கவங்க, போயிருக்கவங்க வீட்ல இருக்கவங்க பொறுமையாப் படிங்க.

நமக்குப் பள்ளத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊரு. அப்பா கொத்தனாரு, ஆத்தங்குடிக் கல்லு பதிக்கிறதுல கை சுத்தம்னு பேரு. நானும் அவர் கூடவே போயி டைல்ஸ் வேலை கத்துக்கிட்டேன். ஆத்தா கானாடுகாத்தான்ல ஒரு ஆச்சி வீட்ல சமையல் வேலை. ஊர்ல தினக்கூலி பாத்து வீட்டுக் கடன் அடையாதுன்னு தெரிஞ்சதும் டைலிங் டிரேட்ல டெஸ்ட் அடிச்சு சிங்கப்பூர் போனேன். டெஸ்ட்டு, ஏஜெண்டு, டிக்கெட்டு எல்லாம் சேத்து 3,20,000 ரூபா. பாதி என் வீட்டுக்காரி நகை அடகு, மீதி நூத்துக்கு மூணு வட்டிக்கு வாங்குனது. 2022 ஜனவரில திருச்சில பிளைட் ஏறுனேன்.

இப்ப மொத தப்பு. கெளம்புறதுக்கு முன்னாடி ஏஜெண்டு வாட்சப்ல ஒரு பிடிஎஃப் அனுப்பிருந்தாரு, ஐபிஏ. சிங்கப்பூர் மேன்பவர் மினிஸ்ட்ரி, எம்ஓஎம்னு சொல்வாங்க, அவங்க பெர்மிட்டுக்கு ஒத்துக்கிட்டதுக்குக் குடுக்குற லெட்டர். அதுல உங்க பேசிக் சம்பளம் என்ன, அலவன்ஸ் என்ன, எதுக்குப் பிடிப்பாங்க எல்லாம் இருக்கும். அது நம்ம பாஷையிலயும் குடுக்கணும்னு ரூலே இருக்கு, எனக்கு வந்ததுலயும் தமிழ்ப் பக்கம் இருந்துச்சு. நான் மொதப் பக்கத்துல என் பேரு சரியா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு மூடிட்டேன். உள்ள பேசிக் மாசம் 800 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர்னு போட்டுருந்துச்சு. அங்க போனா கம்பெனில ஒரு நாளைக்கு 22 வெள்ளி, ஓடி, அதாவது ஓவர்டைம் காசு, தனின்னு சொன்னாங்க. ஏர்போர்ட்ல எறங்குன ரெண்டாவது நாளு ஒரு கத்தை பேப்பர்ல கையெழுத்து வாங்குனாங்க, எல்லாம் இங்கிலீஷ், பக்கத்துல நின்ன பழைய ஆளு "போட்டு விடுய்யா, எல்லாருக்கும் இதுதான்"னாரு, போட்டு விட்டேன்.

22 வெள்ளி 26 நாளைக்கு 572. ஓடி மணிக்கு 4 வெள்ளி சில்லறை, மாசம் 70 மணி நேரம் பாத்தா ஒரு 289. மொத்தம் 860 பக்கம் பேங்க்ல விழும். ஊர்க் காசுக்கு அம்பதாயிரம் பக்கத்துல வருதேன்னு நானும் சந்தோஷமா இருந்தேன். நெஜமா வர வேண்டியது என்னன்னு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். சட்டப்படி மாசச் சம்பளத்துல இருந்து ஒரு மணி நேரக் கணக்கு எடுக்க ஒரு வாய்ப்பாடு இருக்கு: பேசிக்க 12-ஆல பெருக்கி, 52-ஐயும் 44-ஐயும் பெருக்குனா வர்றதால வகுக்கணும். 800-க்கு அது 4 வெள்ளி 20 காசு கிட்ட வரும். ஓடிக்கு அதுல ஒண்ணரை மடங்கு, 6 வெள்ளி 29 காசு. ஆக எனக்கு மாசாமாசம் பேசிக்ல 228, ஓடில 152, மொத்தம் 380 வெள்ளி கொறஞ்சுக்கிட்டே வந்துருக்கு. ரெண்டு வருஷமா. எனக்குத் தெரியாமலே. இந்த வாய்ப்பாட்ட ஒரு பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வச்சுக்கங்க.

2024 மார்ச் மாசச் சம்பளம் வரல. ஏழு தேதிக்குள்ள சம்பளம் போடணும், ஓடி பதினாலு தேதிக்குள்ள போடணும், அது அங்க சட்டம். கேட்டா மெயின் கான்ட்ராக்டர் காசு குடுக்கல, அடுத்த வாரம்னாங்க. ஏப்ரலும் வரல. டார்மட்ரில, அதான் தொழிலாளிங்க தங்குற விடுதில, எங்க கம்பெனி ஆளுங்க ஒம்போது பேரு, எல்லாரும் சேந்து போவோம்னு பேசுனோம், கடைசில நான் ஒருத்தன்தான் நின்னேன். மத்தவங்களச் சொல்லிக் குத்தமில்ல, ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கடன், கேஸ் போட்டா திரும்ப சிங்கப்பூருக்கே வர முடியாதுன்னு ஒரு பேச்சு வேற ஓடிக்கிட்டு இருந்துச்சு. எனக்கும் பயந்தான். ஒரு ஞாயித்துக்கிழமை டேங்க் ரோட்ல தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போயி ஒரு ஓரமா உக்காந்து அழுதேன். 1859-ல நம்ம செட்டியாருங்க எழுப்புன கோயில் அது, ஊர் மண்ணுல உக்காந்த மாதிரி இருக்கும்னு போனேன், அழுக நிக்கவே இல்ல. வீட்டுக்குச் சொல்லல. மாசாமாசம் பணம் அனுப்புறவன் ரெண்டு மாசமா "பேங்க்ல ஏதோ பிரச்சனை"ன்னு பொய் சொல்லிக்கிட்டு இருந்தேன். அந்தப் பொய் சொன்னதுதான் எல்லாத்தையும் விடப் பெரிய தப்புன்னு இப்பத் தோணுது, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

தேக்காவுல, அதான் லிட்டில் இந்தியா பக்கம், ஒரு கடையில, கேஸ் நடக்குற ஆளுங்களுக்கு இலவசமா சாப்பாடு குடுக்குறாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ-ன்னு ஒரு தொண்டு அமைப்பு, டிடபிள்யூசி2-ன்னு சொல்வாங்க, ரொம்ப வருஷமா லிட்டில் இந்தியாவுல இத நடத்துறாங்க. அங்க போனப்பதான் முழு வெவரமும் தெரிஞ்சுச்சு. அது போக தொழிற்சங்கமும் மொதலாளிகள் சங்கமும் சேந்து 2009-ல ஆரம்பிச்ச எம்டபிள்யூசி, அதாவது மைக்ரன்ட் வொர்க்கர்ஸ் சென்டர்னு ஒண்ணும் இருக்கு, அங்கயும் ஒதவி கேக்கலாம். டிடபிள்யூசி2-ல இருந்த வாலன்டியர் அம்மா ஒருத்தங்க என் போன வாங்கி ஐபிஏ-வ தொறந்து தமிழ்ப் பக்கத்தையே எனக்குக் காட்டுனாங்க. "இதப் படிச்சதில்லயா?"ன்னு கேட்டாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு.

அங்க நடைமுறை இப்படி. 2017 ஏப்ரல்ல இருந்து சம்பளத் தகராறுக்கு நேரா கோர்ட்டுக்குப் போக முடியாது. மொதல்ல டிஏடிஎம்னு ஒரு எடத்துல மீடியேஷன், நம்ம பாஷைல மத்தியஸ்தம். அங்க தீரலேன்னா ஒரு சர்ட்டிஃபிகேட் குடுப்பாங்க, அத வச்சு நாலு வாரத்துக்குள்ள எம்ப்ளாய்மென்ட் கிளெய்ம்ஸ் ட்ரிப்யூனல்ல, அதாவது வேலைத் தகராறு தீர்ப்பாயத்துல, போடணும். அங்க வக்கீல் வச்சுக்க முடியாது, நீங்களேதான் பேசணும், அது ஒரு வகையில நம்மள மாதிரி ஆளுக்கு நல்லது. 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், யூனியன் வழியா மீடியேஷன் போனா 30,000 வரைக்கும். முக்கியமானது கெடு. வேலைல இருக்கப்பவே போட்டா பிரச்சனை வந்து ஒரு வருஷத்துக்குள்ள, வேலைய விட்டுட்டா கடைசி நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள. நான் மே ஆரம்பத்துல போட்டேன், அதனால 2023 மே மாசத்துல இருந்து உள்ளதத்தான் கேக்க முடிஞ்சுச்சு. அதுக்கு முன்னாடி 16 மாசம், மாசம் 380 வெள்ளி, 6,080 வெள்ளி போயே போச்சு. அன்னைய ரேட்டுக்கு மூணே முக்கா லட்சம் ரூபா. யாரும் திருடல, நான் பிடிஎஃப் தொறக்காததால போச்சு. சரி, திருடத்தான் செஞ்சாங்க, ஆனா கதவத் தொறந்து வச்சது நானு.

சிங்பாஸ்னு சொல்ற அரசாங்க லாகின் வழியா ஆன்லைன்ல போட்டேன். அடுத்த வாரமே பெர்மிட் கேன்சல். பயந்துராதீங்க, கேஸ் நடக்குற வரைக்கும் தங்குறதுக்கு ஸ்பெஷல் பாஸ் குடுப்பாங்க, அப்பப்ப போயி புதுப்பிக்கணும். நாட்ட விட்டுப் போற வரைக்கும் தங்குற எடம், சாப்பாடு, திரும்பிப் போற டிக்கெட்டு எல்லாம் கம்பெனி பொறுப்புதான். "லக்கேஜ் எடு, இன்னைக்கு நைட்டு பிளைட்டு"ன்னு வண்டில ஏத்துன கதையெல்லாம் நான் கேட்டுருக்கேன். அப்படி யாராவது ஏத்துனா ஏர்போர்ட் இமிக்ரேஷன் கவுன்ட்டர்ல நின்னு "எனக்குச் சம்பள பாக்கி இருக்கு, நான் போக விரும்பல"ன்னு ஆபீசர்ட்ட வாயத் தொறந்து சொல்லணும், அந்த ஒரு வாக்கியத்த இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணி வச்சுக்கங்கன்னு அந்த வாலன்டியர் அம்மா சொன்னாங்க. நான் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்துக்கிட்டேன், நல்லவேளை தேவைப்படல.

ஆனா கம்பெனிக்காரன் வேற வழில அடிச்சான். எங்க ஊர்ல இருக்க ஏஜெண்ட வீட்டுக்கே அனுப்பிட்டாங்க. அந்தாளு எங்க ஆத்தாட்ட, "ஒங்க மகன் மொதலாளி மேல கேஸ் போட்டுருக்கான், அந்த ஊரு சட்டம் ஒங்களுக்குத் தெரியாது, உள்ள தூக்கி வச்சா நாங்க பொறுப்பில்ல"ன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. ஆத்தா போன்ல அழுத அழுக இருக்கே. "ஏண்டா அப்பு, ரெண்டு மாசக் காசு போனாப் போகுது, நீ ஒடம்போட வந்து சேருடா"ன்னு. பேங்க் பிரச்சனைன்னு பொய் சொல்லாம மொதல்லயே விஷயத்தச் சொல்லிருந்தா ஏஜெண்டு வந்தப்ப ஆத்தா அவன வாசல்லயே வச்சுக் கேள்வி கேட்டுருக்கும், அது சாதாரண ஆளு இல்ல. சம்பளம் கேட்டு புகார் குடுத்தா யாரையும் ஜெயில்ல போட மாட்டாங்க. கேஸ் போடுறதுக்கு முன்னாடி நாளே வீட்ல எல்லாத்தையும் சொல்லிருங்க, ஏஜெண்டு வந்தா என்ன சொல்லணும்னும் சொல்லிக் குடுத்துருங்க.

மொத மீடியேஷன் மே கடைசில. நான் என்ன நெனச்சுப் போனேன்னா, நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி பெரிய மனுஷர் ஒருத்தர் உக்காந்து ரெண்டு பக்கமும் கேட்டுட்டு "நீ குடுத்துருப்பா"ன்னு தீர்ப்பு சொல்லுவாருன்னு. அப்படி இல்லவே இல்ல. மீடியேட்டர் ரொம்ப மரியாதையா பேசுனாரு, தமிழ் தெரிஞ்சவங்க வேணும்னு முன்னாடியே கேட்டிருந்தேன், இருந்தாங்க. ஆனா அவர் நீதிபதி இல்ல. யாரு சரி யாரு தப்புன்னு அவர் சொல்ல மாட்டாரு, ரெண்டு பேரும் ஒரு தொகைக்கு வர முடியுமான்னு மட்டும்தான் பாப்பாரு. கொஞ்ச நேரம் எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சுப் பேசுனாரு, அப்பறம் அவங்கள வெளிய அனுப்பிட்டு எங்கிட்ட, என்னைய வெளிய அனுப்பிட்டு அவங்ககிட்டன்னு தனித்தனியா. இது தெரியாம நான் மொத அரை மணி நேரத்த நான் பட்ட கஷ்டத்தச் சொல்லியே ஓட்டிட்டேன். மழைல லாரில போனது, காச்சலோட வேலை பாத்தது எல்லாம். அவர் கேட்டுக்கிட்டாரு, கடைசில "எவ்வளவு கேக்குறீங்க, எந்த மாசத்துக்கு எவ்வளவு?"ன்னு கேட்டாரு. எங்கிட்ட பதில் இல்ல. மொத்தமா ஆறாயிரம் சொன்னேன். கம்பெனி சைடுல மொதலாளி மகனும் ஒரு ஆபீஸ் பொண்ணும் வந்திருந்தாங்க, அவங்ககிட்ட ஃபைல் இருந்துச்சு. நான் ரெண்டாவது நாள் கையெழுத்துப் போட்ட பேப்பர் அதுல இருந்துச்சு, தினம் 22 வெள்ளிக்கு சம்மதம்னு. டைம் கார்டும் இருந்துச்சு, அதுல ஓடி மாசம் 40 மணி நேரந்தான். ரெண்டு மாசச் சம்பளம்னு சொல்லி 1,700 வெள்ளி தர்றோம்னாங்க. இன்னைக்கே கையெழுத்துப் போட்டா நாளைக்கே காசு.

சத்தியமாச் சொல்றேன், பேனாவ கையில எடுத்துட்டேன். கையில அன்னைக்கு 14 வெள்ளி இருந்துச்சு. வாலன்டியர் அம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சு, "எவ்வளவு சொன்னாலும் அன்னைக்கே போடாத, யோசிச்சு சொல்றேன்னு சொல்லிட்டு வந்துரு". அதச் சொன்னேன். மீடியேட்டரும் சரின்னு அடுத்த தேதி குடுத்தாரு. யாரும் கோவிச்சுக்கல. இதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம், மாட்டேன்னு சொன்னா ஏதோ ஆயிரும்னு நெனச்சுட்டு இருந்தேன்.

அடுத்த ரெண்டு வாரம் நான் பண்ண வேலைதான் எனக்குக் காசு வாங்கிக் குடுத்துச்சு. 2023 அக்டோபர்ல இருந்து நான் ஒரு சின்ன பாக்கெட் நோட்டுல தினமும் எந்த சைட்டு, எத்தன மணிக்கு ஆரம்பிச்சோம், எத்தன மணிக்கு விட்டாங்கன்னு எழுதி வச்சுருந்தேன். கேஸ் போடணும்னு எழுதல, சூப்பர்வைசர் ஒருத்தன் ஓடி மணிய வெட்டுறான்னு ஒரு சந்தேகத்துல எழுதுனது. அந்த ஏழு மாசம் பக்காவா இருந்துச்சு. அதுக்கு முன்னாடி அஞ்சு மாசம், மே முதல் செப்டம்பர் வரைக்கும், ஒண்ணுமில்ல. வாட்சப் குரூப்ல "நாளைக்கு லாரி 6.30"ன்னு சூப்பர்வைசர் போட்ட மெசேஜ் இருந்துச்சு, காலைல போனது தெரியும், ராத்திரி எப்ப விட்டாங்கன்னு தெரியாது. பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்தேன், டார்மட்ரில தங்குற ஆளுங்களுக்கு சம்பளம் பேங்க் வழியாத்தான் போடணும்னு 2020 ஜூலைல இருந்து ரூல், அதனால அவங்க குடுத்தது எவ்வளவுங்கறதுக்கு சாட்சி தன்னால இருந்துச்சு. பேஸ்லிப் 2016 ஏப்ரல்ல இருந்து கட்டாயம், எங்க கம்பெனி நாலு மாசத்துக்குத்தான் குடுத்துருந்துச்சு. குடுக்காததும் நம்ம பக்கத்துக்குப் பலம்னு சொன்னாங்க. எல்லாத்தையும் ஒரு அட்டைல கோடு போட்டு மாசவாரியா எழுதுனேன்: வர வேண்டியது, வந்தது, பாக்கி. பத்து மாசம் 380 வீதம் 3,800, ரெண்டு மாசம் முழுசா வராதது 1,240 வீதம் 2,480, மொத்தம் 6,280 வெள்ளி.

அப்பறம் அந்த சம்மதப் பேப்பர். ஐபிஏ-ல சொன்ன பேசிக்க விடக் கொறைக்கணும்னா தொழிலாளி எழுத்துல ஒத்துக்கணும், அது மட்டும் பத்தாது, எம்ஓஎம்-க்கும் தெரிவிக்கணும். எங்க கம்பெனி எங்கிட்ட கையெழுத்து மட்டும் வாங்குச்சு, எம்ஓஎம்-க்குத் தெரிவிக்கல. ரெண்டாவது மீடியேஷன்ல இந்த ஒரு கேள்வியத்தான் கேட்டேன், "இத எம்ஓஎம்-க்கு எப்ப அனுப்புனீங்க?"ன்னு. ஆபீஸ் பொண்ணு மொதலாளி மகன் மொகத்தப் பாத்துச்சு. அதுக்கப்பறம் 1,700 பேச்சே வரல, 3,200-ல ஆரம்பிச்சாங்க.

6,280-ல நான் எவ்வளவு விட்டுக்குடுத்தேன், ஏன் குடுத்தேன்னு ஒளிக்காம சொல்றேன். நோட்டு இல்லாத அஞ்சு மாசத்து ஓடி 760 வெள்ளி, சாட்சி இல்ல, அத விட்டேன். மீதி 5,520. அதுல இன்னும் 1,020 விட்டு 4,500-க்கு ஒத்துக்கிட்டேன். ட்ரிப்யூனல் போயிருந்தா முழுசா வந்துருக்கலாம். ஆனா ஊர்ல ஒண்ணரை லட்சம் கடன் நிக்குது, மாசம் 4,500 ரூபா வட்டி, அங்க வேலை இல்ல, இன்னும் மூணு நாலு மாசம் ஆகும்னா தாங்காது. சில பேரு 'ஏன் விட்டுக்குடுத்தே'ன்னு கேக்குறாங்க, மத்தியஸ்தம்னா விட்டுக்குடுக்கத்தான் வேணும், ஆனா எதுல விடுறோம், ஏன் விடுறோம்னு ரூம்குள்ள போறதுக்கு முன்னாடியே மனசுல ஒரு அடித்தொகை முடிவு பண்ணி வச்சுருக்கணும். நான் 4,200-க்குக் கீழ போகக் கூடாதுன்னு உள்ளங்கைல எழுதிட்டுப் போனேன்.

ஜெயிச்சுட்டோம்னு நெனச்ச எடத்துலதான் ரெண்டு தடவ வழுக்கி விழுந்தேன். ஒண்ணு, அக்ரிமென்ட்ல "இதோட எல்லா பாக்கியும் தீந்தது"ன்னு ஒரு வரி இருந்துச்சு. எனக்கு எடுக்காத லீவு எட்டு நாள் பாக்கி, அதுக்கும் காசு உண்டு, 240 வெள்ளிக்கு மேல வரும். கணக்குல சேக்க மறந்துட்டேன், கையெழுத்துப் போட்டப்பறம் கேக்க முடியாது. ரெண்டாவது தவணை. ஜூன் 12 கையெழுத்து, ஜூன் 20-ல 2,500, மீதி 2,000 ஜூலை 20-ன்னு எழுதுனாங்க. எனக்கு டிக்கெட் ஜூலை 8. அந்த அக்ரிமென்ட்ட நாலு வாரத்துக்குள்ள டிஸ்ட்ரிக்ட் கோர்ட்ல பதிஞ்சா அது கோர்ட் ஆர்டர் மாதிரி, குடுக்கலேன்னா வசூல் நடவடிக்கை எடுக்கலாம். மொதத் தவணை டான்னு வந்துச்சா, நான் மெத்தனமா விட்டுட்டேன். நாலு வாரம் ஜூலை 10-ஓட முடிஞ்சுச்சு, ரெண்டாவது தவணை தேதி அதுக்குப் பத்து நாள் தள்ளி. வேணும்னு அப்படி வச்சாங்களா தற்செயலான்னு எனக்குத் தெரியாது. ஊருக்கு வந்து காத்துக் காத்து ஆகஸ்ட்ல 1,500 வந்துச்சு. 500 இன்னைக்கு வரைக்கும் வரல. பள்ளத்தூர்ல உக்காந்துக்கிட்டு 500 வெள்ளிக்கு சிங்கப்பூர்ல என்ன பண்ண முடியும் சொல்லுங்க. முடிஞ்ச வரைக்கும் ஒரே தவணை, நீங்க பிளைட் ஏறுறதுக்கு முன்னாடி. முடியலேன்னா பதிஞ்சுட்டு ஏறுங்க.

ஆக கைக்கு வந்தது 4,000 வெள்ளி. பழைய பதினாறு மாசம், ஓடி, விட்டுக்குடுத்தது, லீவு, வராத 500 எல்லாம் கூட்டுனா போனது 8,600-க்கு மேல. ரெண்டு மாசம் வேலை இல்லாம இருந்தது தனி.

ஊருக்கு வந்தப்பறம்தான் மத்த நாட்டுல இருக்க சொந்தக்காரங்ககிட்ட இதப் பத்தி வாயத் தொறந்து பேசுனேன், பேசப் பேச ஒவ்வொருத்தர்ட்டயும் ஒரு கதை. என் மச்சான் ஷார்ஜால ஏசி மெக்கானிக், அவனுக்கு மூணு மாசச் சம்பளம் நின்னு போச்சு. அங்க மொஹ்ரேன்னு சொல்ற மினிஸ்ட்ரில ஆப்லயே புகார் குடுத்தான், ரெண்டு பக்கமும் கூப்பிட்டு 14 நாளைக்குள்ள சமாதானத்துக்குப் பாக்குறாங்க. முன்னாடி தீரலேன்னா கோர்ட்டுக்கு அனுப்புவாங்க, 2024 ஜனவரில இருந்து 50,000 திர்ஹாம் வரைக்கும் உள்ள தகராறுக்கு மினிஸ்ட்ரியே முடிவு சொல்லிரலாம்னு சட்டம் மாறிருச்சு. சிங்கப்பூர் மீடியேட்டர் தீர்ப்பு சொல்ல மாட்டாரு, அங்க சின்னத் தொகைக்கு அதே ஆபீஸ் சொல்லும், இந்த வித்தியாசம் தெரிஞ்சுக்கிட்டுப் போகணும். மச்சான் முழுசா வாங்கிட்டான். அவன் சொன்ன ஒரே விஷயம், விசா கேன்சல் பேப்பர்ல எல்லா பாக்கியும் வாங்கிட்டேன்னு ஒரு வரி வரும், காசு கைக்கு வராம அதுல கையெழுத்து வைக்காதே.

சித்தப்பா மகன் கதை வேற மாதிரி. மலேசியா ஈப்போல ஒரு சாப்பாட்டுக் கடையில ஆறு வருஷம் வேலை பாத்தவன், திடீர்னு நாளைல இருந்து வராதேன்னுட்டாங்க. அவன் கடைக்காரருக்கு வேண்டப்பட்டவங்களப் புடிச்சு, தைப்பூசம் போகட்டும், பத்துமலை போயிட்டு வரட்டும்னு ரெண்டு மாசத்துக்கு மேல சமாதானம் பேசிப் பாத்தான். அங்க வேலைய விட்டு நிறுத்துனதுக்கு முறையிடணும்னா 60 நாள் கெடு, 1967 சட்டம், அதுக்குள்ள இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் டிபார்ட்மென்ட்ல எழுதிக் குடுத்தாத்தான் சமரசத்துக்குக் கூப்பிடுவாங்க. இவன் போனது 71-வது நாளு. சம்பள பாக்கி மட்டும் லேபர் ஆபீஸ்ல தனியாக் கேட்டு கொஞ்சம் வாங்குனான், வேலை போனது போனதுதான். வெளிய சமாதானம் பேசுங்க வேணாங்கல, ஆனா புகார மொதல்ல பதிஞ்சுட்டுப் பேசுங்க, புகார் இருக்குன்னு யாரும் பேச்ச நிறுத்த மாட்டாங்க.

நம்ம ஊர்லயும் இது உண்டு. என் தம்பிய புதுவயல்ல ஒரு ரைஸ் மில்லுல இருந்து நிறுத்துனப்ப லேபர் ஆபீசர்ட்ட மனு குடுத்தோம், 1947 தொழில் தகராறு சட்டப்படி அவர் கூப்பிட்டு சமரசம் பேசுனாரு, மூணாவது தேதில மில்காரரே வந்து சேந்துக்கச் சொல்லிட்டாரு. அன்னைக்கு மனு குடுத்து 45 நாள்ல தீரலேன்னா நேரா லேபர் கோர்ட் போகலாம்னு இருந்துச்சு. 2025 நவம்பர் 21-ல இருந்து புதுத் தொகுப்புச் சட்டம் வந்துருச்சு, அதனால இப்பப் போறவங்க கெடுவ லேபர் ஆபீஸ்லயே கேட்டுக்கங்க.

ஒரு விஷயம் சொல்லாம விட முடியல. நான் வந்து ஒரு மாசம் கழிச்சு ஆத்தா வேலை பாக்குற ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன், பட்டாலைல உடைஞ்ச கல்லு ரெண்டு மாத்தணும்னு கூப்பிட்டாங்க. வேலை முடிஞ்சு காப்பி குடிக்கிறப்ப கதையச் சொன்னேன். ஆச்சி எந்திரிச்சு உள்ள போயி ஒரு பழைய காகிதத்த எடுத்துட்டு வந்தாங்க, அவங்க மாமனாரோட அப்பா காலத்துச் சம்பளச் சீட்டாம். பர்மாவுல கடைக்கு ஏஜெண்டாப் போற ஆளுக்கு எழுதிக் குடுத்தது, மூணு வருஷத்துக்குச் சம்பளம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவுன்னு தமிழ் எண்ணுல வரிவரியா இருந்துச்சு. "அப்பவே சீட்டு எழுதாம கப்பல் ஏற மாட்டாகளாம்டா, நீ சீட்டு கையில இருந்தும் பாக்காமப் போயிருக்கியே"ன்னு சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல, காப்பி நல்லா இருந்துச்சு.

அந்த ஸ்வீட் குடுத்த பையன் அடுத்த புதன்கிழமை கெளம்புறான். அவன் கையில ஒரு பாக்கெட் நோட்டு வாங்கிக் குடுத்துருக்கேன், மொதப் பக்கத்துல அந்த 52, 44 கணக்க நானே எழுதி. ஐபிஏ-வ எனக்கு வாட்சப்ல அனுப்புடா, சேந்து உக்காந்து படிப்போம்னு சொல்லி நாலு நாளாச்சு. "சரிண்ணே, அனுப்புறேண்ணே"ங்கறான். இன்னும் வரல. நாளைக்குக் காலைல அவன் வீட்டுக்கே போயிர வேண்டியதுதான்.